டாக்டரைப் பார்க்கப் போகும் வாரம் மட்டும் நடக்கிறேன். நடை பிடித்துப்போக ஏதாவது வழி இருக்கிறதா?

தையல்மிஷின்48

வணக்கம். வேலூர் சாத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 48. சர்க்கரை வந்து ஆறு வருஷம், பிரஷர் போன வருஷம் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. காலையில் மிஷினில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பேன், அப்புறம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு. முகூர்த்த மாதம் என்றால் அதுவும் கிடையாது, தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஹெம்மிங் பண்ணுவேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு முந்தின ஒரு வாரம் நான் வேறு மனுஷி. விடியற்காலை எழுந்து நடப்பேன், காப்பியில் சர்க்கரை போடமாட்டேன், பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி விழுந்து விழுந்து படிக்கிற பிள்ளை மாதிரி. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே "வாக்கிங் போறீங்களா?" என்பார். "போறேன் டாக்டர்" என்பேன். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. நாலு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவேன். ஷேர் ஆட்டோவில் ஏறின பிறகுதான் ஞாபகம் வரும், ராத்திரி உள்ளங்கால் எரிகிறதே, அதைச் சொல்லவே இல்லையே என்று. மூன்று தடவையாக இதே கதை.

நடையாவது சுகமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இங்கே ஹைவே பக்கம் சர்வீஸ் ரோட்டில் போனால் லாரி சத்தம், உள்தெருவில் போனால் நாய். இருபது நிமிஷம் தாண்டினால் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் வெறி பிடித்த மாதிரி அஞ்சாறு இட்லி உள்ளே போகும். நடந்ததெல்லாம் அதிலேயே போச்சு. என் பெண் யூடியூப் பார்த்து ஆடச் சொன்னாள். ஒரு நாள் ஆடினேன், மாமியார் கதவோரம் நின்று சிரித்த சிரிப்பில் அதோடு விட்டுவிட்டேன்.

பிடிக்காத ஒன்றைத் தினமும் எப்படிச் செய்வது? பிடித்துச் செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். டாக்டரிடம் மறக்காமல் பேசுவது எப்படி என்றும் சொல்லுங்கள். அடுத்த முறை போக இன்னும் 19 நாள் இருக்கிறது.

கோட்டை_சுத்தி

தங்கச்சி, நான் ரிடையர்டு கண்டக்டர், வயது 67. முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே இருந்தவனுக்கு ரிடையர்டு ஆனதும் நாற்காலி கிடைத்தது, நாற்காலியோடு சர்க்கரையும் கிடைத்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நடை இன்றைக்கும் பிடிக்காது. எட்டு வருஷமாக நடக்கிறேன், இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் கோட்டைக்குள் காலையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சுற்றுகிறோமே, அந்த அரட்டை பிடிக்கும். ஒருத்தர் தாலுகா ஆபீஸில் இருந்தவர், ஒருத்தர் ஆரணிப் பட்டு வியாபாரி, இன்னொருத்தர் நேற்று ராத்திரி சீரியலில் என்ன நடந்தது என்று வரி விடாமல் சொல்வார், அதைக் கேட்கவே ஒரு சுற்று கூடுதலாகப் போவோம். ஒரு நாள் நான் போகாவிட்டால் போன் வந்துவிடும், "என்னய்யா, டிக்கெட் கிழிச்சாச்சா?" என்று. அந்தக் கேலிக்குப் பயந்தே எழுந்துவிடுவேன். அகழிக்கரையில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதை ஒரு நிமிஷம் பார்ப்பது, முடிந்ததும் சர்க்கரை இல்லாத டீ. அவ்வளவுதான் என் உடற்பயிற்சி.

வேலூரைப் பற்றி தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று ஒரு பழைய கேலி உண்டு இல்லையா, அதில் சாமி வந்து பல வருஷம் ஆச்சு. ஜலகண்டேஸ்வரர் லிங்கம் உங்கள் சாத்துவாச்சாரியில்தான் இருந்தது, 1981-ல் அங்கிருந்து கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். சாமியே அந்த வழியாக வந்திருக்கிறார், நீ ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் வா, கோயிலுக்குப் போய்விட்டு உள்ளேயே ஒரு சுற்று சுற்று. லாரியும் இல்லை, தெரு நாய்த் தொல்லையும் குறைவு. என் வீட்டுக்காரியும் வருவாள், பேச்சுத்துணைக்குப் பஞ்சம் இருக்காது.

வெயில் மட்டும் கவனம். கத்திரி நேரத்தில் ஏழரைக்கே மதில் கல்லிலிருந்து சூடு அடிக்கும். ஆறுக்கு ஆரம்பித்து ஏழுக்குள் முடித்துவிட வேண்டும்.

பாகாயம்_பீட்ஸ்

அக்கா சிம்பிள். போனில் ஸ்டெப் கவுண்டர் போடுங்க, தினமும் 10,000 அடி, ஒரு நாள் கூட விடக்கூடாது. போகப் போகப் பழக்கமாகிவிடும். நான் அப்படித்தான் 11 கிலோ குறைத்தேன்.

லேப்_கோட்

பாகாயம் தம்பி, உங்களுக்கு வயது இருபத்தஞ்சு இருக்குமா? அந்த 10,000 எந்த டாக்டரும் ஆராய்ந்து சொன்ன கணக்கு இல்லை. 1965-ல் ஜப்பானில் இடுப்பில் மாட்டுகிற அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது, அதற்கு வைத்த பெயருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்றுதான் அர்த்தம். அங்கிருந்து கிளம்பி ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான வேகம், கூட இரண்டு நாள் தசைக்கு வேலை. அதையும் ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை, பத்து பத்து நிமிஷமாக உடைத்துக்கொள்ளலாம். ஏன், 2020-ல் வந்த வழிகாட்டுதலில் ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிஷமாவது வேண்டும் என்ற பழைய நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். மிதமான வேகம் என்றால் நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதற்கு மீட்டர் வேண்டாம்.

சரி, தையல் அக்காவுக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, 14 வருஷமாக ரத்தம் எடுக்கிறவள். நீங்கள் எழுதியதில் எல்லோரும் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. கை நடுக்கம், வேர்வை, வந்ததும் அகோரப் பசி. அக்கா, அது நடை ஒத்துக்கொள்ளாதது இல்லை, சர்க்கரை இறங்கிப்போகிற அறிகுறி மாதிரி இருக்கிறது. கிளிமிபிரைடு வகை மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா? அதை எத்தனை மணிக்கு விழுங்குகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? வெறும் மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இது வருவது அபூர்வம், அந்த இன்னொரு வகையில் வரும்.

இதற்கு 19 நாள் காத்திருக்காதீர்கள். நாளைக்கே உங்கள் டாக்டர் இருக்கிற இடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், பாதியாக உடைக்கவும் வேண்டாம். அவர்கள் பதில் சொல்லும் வரை வெறும் வயிற்றில் நடக்காதீர்கள், இடுப்பில் ஒரு சின்ன குளுக்கோஸ் பொட்டலம் செருகிக்கொள்ளுங்கள். மறுபடி நடுக்கம் வந்தால் நின்றுவிடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் பார்க்கிறேன் பேர்வழி என்று காத்திருக்க வேண்டாம், குடித்துவிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

அந்த ஒரு வாரப் பரீட்சைப் படிப்பு இருக்கிறதே, அதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ரத்த சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டின சர்க்கரையைத்தான் எச்.பி.ஏ.1.சி. காட்டுகிறது. இரண்டு மூன்று மாதக் கதை அதில் இருக்கும், கடைசி வாரம் ஓடியதற்கெல்லாம் அது ஏமாறாது. அதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. வெறும் வயிற்று சர்க்கரைக்குத்தான் எட்டு மணி நேரம் வேண்டும், பச்சைத் தண்ணி குடிக்கலாம், 'சர்க்கரை போடாத காப்பிதானே' என்று குடித்துவிட்டு வரக்கூடாது. சாப்பிட்ட பிறகு எடுப்பதற்கு முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம், சாப்பிட்டு முடித்ததிலிருந்து இல்லை. அன்றைக்கு மட்டும் இரண்டே இட்லியோடு வந்து உட்காராதீர்கள், வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரை வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு வாருங்கள். நல்ல ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போய் யாரை ஏமாற்றப் போகிறோம்?

பிரஷர் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் காப்பி வேண்டாம். பாத்ரூம் போய்விட்டு, அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருங்கள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்த கையோடு பட்டையைச் சுற்றினால் யாருக்கும் கூடத்தான் காட்டும்.

தையல்மிஷின்48

அம்மாடி. ஆமாம், அதே மாத்திரைதான். "சாப்பாட்டுக்கு முன்" என்று அட்டையில் எழுதியிருப்பதால் எழுந்ததும் அஞ்சரைக்கே போட்டுவிடுவேன், நடந்துவிட்டு வந்து ஏழரைக்குச் சாப்பிடுவேன். நடக்காத நாளில் எழுந்ததே ஏழு மணி, போட்டதும் சாப்பாடுதான், அதனால் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. இத்தனை நாள் என் உடம்புக்கு நடை ஆகாது என்றே முடிவு கட்டியிருந்தேன். காலையில் போன் பண்ணுகிறேன்.

குடியாத்தம்_மருமகள்

அக்கா, நான் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகிற ஆள். முதல் இரண்டு வருஷம் நாங்களும் உங்களை மாதிரிதான். அப்புறம் ஒரு நாள் காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஹவுரா பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வங்காளம், அசாமிலிருந்தெல்லாம் வருகிறார்களே, அவர்களில் ஒருவர். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பழைய ஸ்கேன், சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியாக அடுக்கி, மேலே கையால் எழுதின ஒரு தாள். இரண்டு நாள் ரயிலில் வருகிறவர்கள் அப்படி வருகிறார்கள், பக்கத்துத் தெருவில் இருக்கிற நாம் மாத்திரை பேர் கேட்டால் "வெள்ளையா, சின்னதா இருக்கும் டாக்டர்" என்கிறோம்.

நீங்கள் தையல்காரர், உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அளவு ஜாக்கெட் கொண்டுவராமல் துணியை மட்டும் நீட்டி "நல்லா தைச்சுக் குடுங்க" என்கிறவர்களை மனசுக்குள் எவ்வளவு திட்டுவீர்கள்?

நாங்கள் செய்வது இது. ஒரு அரைத்தாள், அதற்கு மேல் கிடையாது. முதல் வரியில் எது அதிகம் தொந்தரவு பண்ணுகிறதோ அது. உங்களுக்கு உள்ளங்கால் எரிச்சல். எப்போதிலிருந்து, இரண்டு காலுமா, ராத்திரி மட்டுமா என்று அங்கேயே எழுதுங்கள். அதை உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும், கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு" என்று ஆரம்பிக்கக்கூடாது, அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்திருப்பார். தாளில் மூன்று கேள்விக்கு மேல் போடாதீர்கள். மாத்திரைப் பட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையில் கேட்டு வாங்கின வலி மாத்திரை, நாட்டு மருந்து, யாரோ சொன்னார்கள் என்று குடிக்கிற கஷாயம் எல்லாமும். என் மாமியார் முட்டிவலிக்கு மெடிக்கலில் வாங்கி ஆறு மாதமாக ஒரு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அந்த வகை மாத்திரை பிரஷரையும் ஏற்றும், கிட்னிக்கும் ஆகாது என்று டாக்டர் உடனே நிறுத்தினார். எங்கள் யாருக்குமே தெரியாது.

வெளியே வருவதற்கு முன்னால் "நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனா பாருங்க டாக்டர்" என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கும். "வாக்கிங் போறீங்களா"வுக்கு நிஜத்தைச் சொல்லுங்கள் அக்கா, நீங்கள் நடக்கிறீர்கள் என்று நம்பித்தானே அவர் அடுத்த மாத்திரையை எழுதுகிறார்?

நடையைப் பற்றி ஒன்றே ஒன்று. பிடித்ததைத் தேடாதீர்கள், ஏற்கனவே கால் போகிற இடம் எது என்று பாருங்கள். மாமியாருக்கு வாக்கிங் என்றால் வேப்பங்காய், ஆனால் சந்தைக்கு என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். முள்ளுக் கத்தரிக்காய் நல்லதாகப் பொறுக்க மூன்று தடவை சுற்றி வருவார். அதுவும் நடைதானே.

படியேறி

சோளிங்கர் பெரிய மலை 1,305 படி. வருஷத்துக்கு ஒரு தடவை அதை ஏறணும் என்று வைத்துக்கொண்டேன், மற்ற நாளெல்லாம் அதற்குப் பழகுவதாக நினைத்துக்கொள்வேன். ரோப் கார் வந்த பிறகும் ஏறுகிறேன், ஒரு வீம்புதான். இறங்கும்போதுதான் முட்டி உசிரை வாங்கும், மெதுவாக இறங்க வேண்டும்.

லேப்_கோட்

படியேறி அண்ணா, அக்காவுக்கு இப்போது மலை வேண்டாம். கால் எரிச்சல் என்கிறார், பாதத்தைப் பார்த்த பிறகுதான் அதெல்லாம். ஆறு வருஷ சர்க்கரை என்பதால் கண்ணின் உள்பக்கமும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், அதையும் அந்த மூன்று கேள்வியில் ஒன்றாகப் போடுங்கள் அக்கா. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்தில் இல்லாத மூச்சுத்திணறலோ வந்தால் தாளில் எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மிஷினை விட்டு எழ முடியாத நாளில் ஒரு ஜாக்கெட் முடிந்ததும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருங்கள். தொடைக்கு அது போதுமான வேலை, மாமியார் பார்த்தாலும் சிரிக்கமாட்டார்.

தையல்மிஷின்48

போய்விட்டு வந்தேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போன். மறுநாளே பேசினேன். மாத்திரையைச் சாப்பாடு தட்டில் வந்த பிறகு போடச் சொன்னார்கள், நடையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்றையிலிருந்து நடுக்கம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து சும்மா தெருமுனை வரைக்கும் போனவள் அதைத் தாண்டிப் போய்விட்டேன், திரும்பி வரும்போதுதான் உறைத்தது, எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லையே என்று.

தாளை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கிழித்துக்கொண்டு போனேன். இன்னொருத்தியின் தோள் அளவும் கை உயரமும் பின்பக்கத்தில் இருந்தது, டாக்டர் அதையும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உட்கார்ந்ததும் கால் விஷயத்தைச் சொன்னேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிசாக ஒரு நைலான் நரம்பால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, படுகிற போதெல்லாம் சொல்லச் சொன்னார். விரலில் ஊசி நுனி பட்டால் துணிக்கு மேலேயே தெரிகிற எனக்கு, வலது கட்டைவிரலில் அந்த நரம்பு பட்டது தெரியவே இல்லை. கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம் என்று அதற்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, எம்.சி.ஆர். என்பார்களே, அதை வாங்கச் சொன்னார், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாதாம், தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டுமாம். கண் டாக்டருக்குச் சீட்டு வாங்கியாச்சு. எச்.பி.ஏ.1.சி. 8.3 இருந்தது 8.1, பெரிய வித்தியாசம் இல்லை. "ஒரு வாரம்தான் நடப்பேன் டாக்டர், மற்ற நாள் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "அப்படின்னா மாத்திரையைக் கூட்ட வேண்டாம், மூணு மாசம் நடந்து பார்க்கலாம்" என்றார். எத்தனை தடவை என் பொய்யை நம்பி மாத்திரை கூட்டியிருப்பாரோ என்று வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

குடியாத்தம் தங்கச்சி சொன்னதை யோசித்துப் பார்த்தேன், என் கால் எங்கே போகும் என்று. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை இதுவரை பையனுடையது, வண்டியில் போய் வாசலில் நீட்டிவிட்டு வந்துவிடுவான். இப்போது எங்கள் சாத்துவாச்சாரி ஃபேஸ் இரண்டு முழுக்க நானே நடந்து கொடுக்கிறேன், மதியச் சாப்பாடு ஆனதும் கொஞ்சம், ராத்திரி சாப்பிட்டதும் கொஞ்சம், வெயில் தாங்காத மதியங்களில் மட்டும் ராத்திரியோடு சரி. ஒரு வீட்டில் ஊர்க்கதை, ஒரு வீட்டில் மோர், இன்னொரு வீட்டில் "கை கொஞ்சம் டைட்டா இருக்குக்கா" என்று தகராறு. நேற்று ஒரு ஜாக்கெட் கொடுக்கப் போய் மூன்றுக்குத் துணி வாங்கி வந்தேன். பையனுக்குத்தான் கோபம், பெட்ரோல் காசில் அவன் அடித்துக்கொண்டிருந்தது போச்சு.

ஞாயிற்றுக்கிழமை நடப்பதில்லை. கோட்டை அண்ணா, திங்கட்கிழமை கோயிலுக்கு வரலாம் என்றிருக்கிறேன், அண்ணியிடம் சொல்லுங்கள். காலை ஆறு மணி மட்டும் என்னால் ஆகாது.

கோட்டை_சுத்தி

சாயந்திரம் அஞ்சரைக்கு வாம்மா, வெயில் இறங்கியிருக்கும். அவளுக்கும் ஒரு ஜாக்கெட் தைக்கணுமாம், அளவு ஜாக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறாள்.